டிரோம்சோ முதல் லாங்யியர்பியன் வரை: நூறு நிமிட விமானத்துக்கு அரை நாள்

வட நார்வேயின் டிரோம்சோ விமான நிலையத்திலிருந்து ஸ்வால்பார்ட் தீவுக் கூட்டத்தின் லாங்யியர்பியனுக்கு நேர்கோட்டில் ஏறத்தாழ 960 கி.மீ. சுவரில் தொங்கும் உலகப் படத்தில் இத்தொலைவு ஒரு கண்டத்தைக் கடப்பதுபோல் தோன்றுவதற்குக் காரணம், மெர்க்கேட்டர் முறையில் வரைந்த இத்தகைய படங்கள் 78 பாகை வட அட்சத்தில் நீளத்தை ஏறக்குறைய ஐந்து மடங்காக இழுத்துக் காட்டுவதுதான்.

பயணச்சீட்டில் குறித்த நேரம் 1 மணி 40 நிமிடம். தொலைவை அதனால் வகுத்தால் மணிக்கு 580 கி.மீ.கூட வராது, 800 கி.மீ. வேகத்தைத் தாண்டிப் பறக்கும் ஜெட் விமானத்துக்கு இது மந்தமாகத் தெரியலாம். ஓடுதளம்வரை ஊர்வதும், மேலே ஏறுவதும், மலைகளுக்கு நடுவே இறங்குவதும் இந்தக் கணக்குக்குள் அடக்கம் என்பதால், குறித்த நேரத்தை நேர்மையானதென்றே சொல்வேன்.

என் குறை வேறிடத்தில் இருக்கிறது. ஸ்வால்பார்ட் நார்வேயின் ஆட்சிக்குட்பட்டதெனினும் ஷெங்கன் எல்லைக்கு (தமக்குள் கடவுச்சீட்டுச் சோதனையை நீக்கிக்கொண்ட ஐரோப்பிய நாடுகளின் பொது எல்லை) வெளியே இருப்பதால், உள்நாட்டுப் பயணம்போலத் தோன்றும் இதற்கும் கடவுச்சீட்டுச் சோதனை உண்டு. ஓஸ்லோவில் ஏறி டிரோம்சோ வழியாகச் செல்பவர்களும் இங்கே கைப்பையுடன் இறங்கி, வரிசையில் நின்று, மீண்டும் அதே விமானத்தில் ஏற வேண்டும். இந்தியக் கடவுச்சீட்டு வைத்திருப்போருக்கு அதைவிட முக்கியமான செய்தி ஒன்றுண்டு: திரும்பி வருவது ஷெங்கனுக்குள் இரண்டாம் நுழைவாகக் கருதப்படும். ஒருமுறை நுழைவு விசாவுடன் புறப்பட்டால் திரும்பும் வழி அடைபட்டுவிடும். நான் சீட்டு வாங்கிய முகவர் இதைப் பற்றி ஒரு சொல்லும் சொல்லவில்லை. விசா விண்ணப்பத்தைத் தற்செயலாக மறுமுறை படித்ததால் தப்பித்தேன்.

பறக்கும் நேரத்தைப் பற்றிக் குறை சொல்ல ஏதுமில்லை. பாதி வழியைத் தாண்டியதும் கீழே இருக்க வேண்டிய பியோர்னோயா தீவை மேகம் மூடியிருந்தது. லாங்யியர்பியன் இருக்கும் ஸ்பிட்ஸ்பெர்கன் தீவின் பனிமுகடுகள் தென்பட்ட பிறகு யாரும் இருக்கையில் அடங்கி உட்காரவில்லை. ஆகவே ஜன்னலோர இருக்கைக்குக் கூடுதல் பணம் கொடுப்பது வீணாகாது. நான் சென்ற ஜூனில் சூரியன் மறைவதே இல்லை. நவம்பரில் செல்பவருக்கோ இதே ஜன்னலில் இருட்டைத் தவிர வேறொன்றும் கிடைக்காது.

1975-இல் திறக்கப்பட்ட லாங்யியர்பியன் ஓடுதளம், ஆண்டு முழுவதும் உறைந்தே கிடக்கும் நிலத்தின்மேல் போடப்பட்டது. மேலடுக்கு உருகியும் உறைந்தும் நிலம் அசைவதால் அவ்வப்போது செப்பனிட வேண்டியிருக்கிறது. தரையிறங்கியபோது நான் அஞ்சிய அளவுக்குக் குலுக்கல் இல்லை. விமான நிலையம் சிறியது. பெட்டிகள் விரைவில் வந்துவிட்டன. ஊர் சுமார் 5 கி.மீ. தொலைவில் இருக்க, விமான வருகையை ஒட்டி வெளியே பேருந்து நிற்கிறது. வாசலருகே பனிக்கரடி எச்சரிக்கைப் பலகையுடன் படம் எடுக்க நின்றால் அந்தப் பேருந்தைத் தவறவிட நேரிடும்.

சோதனை வரிசை, காத்திருப்பு, பேருந்து எல்லாம் சேர்த்து, டிரோம்சோ விடுதியிலிருந்து லாங்யியர்பியன் விடுதிவரை எனக்கு ஐந்தரை மணி நேரம் ஆயிற்று. திரும்பும் நாளிலேயே வேறு நாட்டுக்கான இணைப்பு விமானத்தைப் பதிவு செய்ய வேண்டாம். மூடுபனி இறங்கினால் அங்கே மாற்று விமான நிலையம் என்று பக்கத்தில் எதுவும் இல்லை.