பழுதுபார்த்தவர்களின் மதுரை: ஒரு மரபு நடைச் சேவையின் நிறையும் குறையும்

மதுரையிலேயே பிறந்து வளர்ந்தவன் காசு கொடுத்து மதுரையைச் சுற்றிப் பார்க்கப் போகிறான் என்று வீட்டில் பேசிய கேலி ஒரு வாரமாகியும் ஓயவில்லை. கட்டடக்கலை இரண்டாம் ஆண்டு படிக்கும் என் தங்கை மகள் ஊருக்கு வந்திருந்தாள். அவளைச் சாக்கிட்டுத்தான் பங்குனி மாதத்து ஞாயிற்றுக்கிழமை ஒன்றில் இந்த மரபு நடைக்குப் பெயர் கொடுத்தேன். தலைக்கு 800 ரூபாய். காலைச் சிற்றுண்டியும் சமணர் மலை இருக்கும் கீழக்குயில்குடி வரை சென்று திரும்பும் வேன் செலவும் அதில் அடக்கம். நடத்துபவர்களின் பெயரை இங்கே எழுதப்போவதில்லை. சொல்லவேண்டிய குறைகளில் சில, இதே தொழிலைச் செய்யும் வேறு பலருக்கும் பொருந்துவன.

மன்னர் பெருமையை விடுத்து, கட்டடங்களை இடித்தவர்கள், பழுதுபார்த்தவர்கள், இன்று பராமரிக்கிறவர்கள் ஆகியோரைப் பற்றியே பேசப்போவதாக அறிவிப்பில் எழுதியிருந்தார்கள். என்னை இழுத்தது அந்த வரிதான். ஆகவே அதை எவ்வளவு தூரம் நிறைவேற்றினார்கள் என்பதை வைத்தே இந்த மதிப்பீட்டை எழுதுகிறேன்.

காலை ஆறு மணிக்கு விளக்குத்தூணில் கூடினோம். தொடக்கத்துக்கு இதைவிடப் பொருத்தமான இடம் கிடையாது. 1834 முதல் 1847 வரை மதுரையின் ஆட்சியராக இருந்த பிளாக்பர்ன், நகரைச் சுற்றியிருந்த கோட்டைச் சுவரை இடித்து அகழியைத் தூர்க்கச் செய்தவர். அவருடைய நினைவுக்கு ஊரார் நிறுவியதே இந்தத் தூண். கோட்டை இருந்த இடத்தில்தான் வெளி வீதிகள் உருவாயின; அந்தப் பணியில் பங்கெடுத்தவர்களின் பெயர்களே மாரட் வீதியிலும் பெருமாள் மேஸ்திரி வீதியிலும் இன்றைக்கும் புழங்குகின்றன. இடித்தவருக்கு நினைவுச் சின்னம் எழுப்பி, அந்தச் சின்னத்தையே பிறகு பாதுகாக்கும் ஊர் நம்முடையது என்று வழிகாட்டி சொன்னபோது எல்லோரும் சிரித்தார்கள். ஆனால் அவர் அந்த இடத்தில் ஒரு நியாயத்தையும் மறைக்கவில்லை. நெரிசலும் நோயும் மிகுந்திருந்த ஊருக்கு அன்று காற்றும் வெளியும் தேவைப்பட்டன. மக்களும் இடிப்பை வரவேற்றார்கள். பெரியார் பேருந்து நிலையத்துக்கு அருகே எஞ்சியிருக்கும் கோட்டைச் சுவரின் துண்டையும் காட்டியிருந்தால் இந்தப் பேச்சு முழுமை பெற்றிருக்கும். அது நடைப் பட்டியலில் இல்லை.

அங்கிருந்து பத்துத்தூண் சந்துக்கு நடந்தோம். ஜவுளிக்கடைகளின் ஷட்டர்கள் அந்நேரத்தில் மூடியிருந்ததால், வாழ்நாளில் முதன்முறையாக அந்தத் தூண்களை நான் அடியிலிருந்து நுனிவரை பார்த்தேன். பகலில் அங்கே போகிறவன் பார்ப்பது தொங்கும் நைட்டிகளையும் சாத்திவைத்த சைக்கிள்களையும்தான். திருமலை நாயக்கர் அரண்மனையின் ரங்க விலாசப் பகுதியில் மிஞ்சியவை இவை என்று கருதப்படுகின்றன. இங்கிருந்து இன்றைய மகால் வரைக்கும் உள்ள தொலைவைக் கால்களால் நடந்து பார்த்தால்தான், நாம் மகால் என்று அழைப்பது முன்பு இருந்ததில் ஏறத்தாழ நான்கில் ஒரு பங்குதான் என்னும் செய்தி உடம்புக்கு உறைக்கிறது. வழிகாட்டி வேண்டுமென்றே அந்த இடைவெளியில் எதுவும் பேசாமல் நடக்கவைத்தார். நல்ல ஏற்பாடு.

புது மண்டபத்துக்கும் ராயகோபுரத்துக்கும் அளித்த நேரம் போதாது; அங்கே கேட்டதில் புதிதாகத் தெரிந்துகொண்டதும் அதிகமில்லை. வசந்த உற்சவத்துக்காகத் திருமலை நாயக்கர் எழுப்பிய மண்டபத்தில் தலைமுறை தலைமுறையாக இருந்த தையற்கடைகளும் பாத்திரக்கடைகளும் புத்தகக்கடைகளும் அண்மை ஆண்டுகளில் குன்னத்தூர்ச் சத்திரத்து வளாகத்துக்கு மாற்றப்பட்டன. அங்கே தைத்த சட்டையோடு பள்ளிக்கூடம் போனவன் என்பதால், மண்டபம் விடுதலை பெற்றது என்று ஒரே வார்த்தையில் முடித்ததை என்னால் முழுமனதோடு ஏற்க முடியவில்லை. ஆயினும் 2018 பிப்ரவரி 2 அன்று இரவு கோயிலின் வீரவசந்தராயர் மண்டபத்தில் நேர்ந்த தீ விபத்தை நினைவுபடுத்தியதும் எதிர்வாதம் நாக்கிலேயே நின்றுவிட்டது. நெருப்பில் காய்ந்த கல் உள்ளுக்குள் வெடித்து வலுவிழக்கும். தூண்களும் மேற்கூரையும் சரிந்தன. மாற்றுத் தூண்களுக்கான கல்லை நாமக்கல் மாவட்டத்திலிருந்து தேடிக் கொண்டுவர வேண்டியதாயிற்று. கடைகள் கோயிலுக்குள் இருந்ததன் விலை அது.

கல் தூண்களில் படிந்த எண்ணெய்ப் பிசுக்கை எப்படி எடுப்பது என்று ஓர் அம்மாள் கேட்டார். மணலை வேகமாகப் பீய்ச்சியடித்துச் சுத்தம் செய்யும் முறையில் அழுக்கோடு உளியின் நுண்ணிய தடமும் கல்வெட்டின் எழுத்து விளிம்பும் சேர்ந்தே போய்விடும் என்பதை வழிகாட்டி தெளிவாக விளக்கினார். புது மண்டபத்தில் கேட்ட உருப்படியான பதில் அது ஒன்றுதான்.

சிற்றுண்டியில் இட்லி ஆறியிருந்தது. சட்னி நன்றாக இருந்தது.

இந்த நடையின் உயிர் அடுத்த ஒரு மணி நேரத்தில் இருக்கிறது. தெற்கு மாசி வீதிக்குப் பின்னால் ஒரு சந்தில், உரிமையாளரின் இசைவோடு, பழுதுபார்க்கப்பட்டுவரும் பழைய வீடு ஒன்றுக்குள் அழைத்துப்போனார்கள். எழுபது வயதைத் தாண்டிய ஒரு கொத்தனார் முற்றத்தில் காத்திருந்தார். பாதி நீர் நிரம்பிய தகர டிரம்மில் சுட்ட சுண்ணாம்புக் கற்களை ஒவ்வொன்றாக இட்டார். சற்று நேரத்தில் அடுப்பில்லாமலேயே நீர் தளதளவென்று கொதித்து ஆவி பறந்தது. எங்களோடு வந்த இரண்டு சிறுவர்கள் வாய் பிளந்து நின்றார்கள். உண்மையைச் சொன்னால் நானும்தான். இதைத் தாளிப்பது என்று சொல்வார்கள் என்றும், தாளித்த சுண்ணாம்பை நாள்கணக்கில் ஊறப்போட்டு, மணலோடு சேர்த்து அரைத்து, கடுக்காயும் கருப்பட்டியும் ஊறிப் புளித்த நீரை விட்டுப் பிசைவார்கள் என்றும் காட்டினார். அந்த நீர் இருந்த பானையைத் திறந்தபோது எழுந்த புளித்த வாடை சட்டையில் சாயங்காலம் வரைக்கும் இருந்தது.

பிறகு சுவரருகே கூட்டிப்போய், விரல் முட்டியால் தட்டிக் காட்டினார். ஒரு முழத்துக்கு 'டக் டக்' என்று கெட்டியாகக் கேட்ட ஒலி, சட்டென்று பானையைத் தட்டியதுபோல் மாறியது.

"கேட்டியா ஆத்தா, இங்கன சிமெண்டு பூசியிருக்காக. வெளிய பாத்தா நல்லாத்தான் இருக்கும். உள்ள விட்டுப்போச்சு" என்றார் என் தங்கை மகளிடம்.

அவள் தட்டினாள், மறுபடியும் தட்டினாள், பிறகு என்னைத் திரும்பிப் பார்த்து, "மாமா, ஒரு செமஸ்டர் படிச்சதுல இது புரியலை" என்றாள்.

அவர் பெயர்த்துக் காட்டிய இடத்தில் சிமெண்டுப் பூச்சு பலகைபோல் முழுசாக வந்தது. அதன் பின்பக்கத்தில் பழைய செங்கல்லின் முகம் மாவாக ஒட்டியிருந்தது. சுவருக்குள் ஏறும் ஈரம் சுண்ணாம்புக் காரையின் வழியே மெல்ல வெளியேறிவிடும். சிமெண்டு அதை அடைத்துவிடுவதால் ஈரமும் அதிலுள்ள உப்பும் உள்ளேயே தங்கி, மென்மையான பழைய செங்கல்லை அரித்துவிடுகின்றன. காற்றிலுள்ள கரியமில வாயுவை உள்வாங்கி மாதக்கணக்கில் மெல்ல மெல்ல இறுகுவது சுண்ணாம்பின் இயல்பு. அவசரக்காரர்களுக்கு அது சரிப்படாது. பழைய கட்டடங்களைச் சிமெண்டால் 'பலப்படுத்துவது' ஏன் அவற்றைக் கொல்லும் வழியாகிறது என்பதை இதைவிட எளிமையாக யாரும் எனக்கு விளக்கியதில்லை. அந்தக் கொத்தனாருக்கு இந்த ஒரு மணி நேரத்துக்கு என்ன கொடுக்கிறார்கள் என்று நடத்துபவர்களிடம் கேட்டேன். அன்றைக்கு முழு நாள் கூலி என்றார்கள். அந்தப் பதிலும் என் மதிப்பீட்டில் சேர்ந்திருக்கிறது.

இப்படிக் கண் திறந்தபின் மகாலுக்குள் நுழைந்ததால், பலமுறை பார்த்த சொர்க்க விலாசம் வேறாகத் தெரிந்தது. 1636-இல் கட்டப்பட்ட அந்த மாபெரும் வளைவுகளும் குவிமாடமும் செங்கல்லையும் சுண்ணாம்பையும் நம்பி நிற்பவை. அந்த வழவழப்புக்காக மேற்பூச்சில் முட்டையின் வெள்ளைக்கரு சேர்த்ததாகச் சொல்வார்கள். திருமலை நாயக்கரின் பேரர் சொக்கநாத நாயக்கர் தலைநகரைத் திருச்சிராப்பள்ளிக்கு மாற்றியபோது இந்த அரண்மனையின் பெரும்பகுதியைப் பிரித்து எடுத்துப்போனார். எஞ்சியது சிதைந்து கிடந்த காலத்தில், 1866 முதல் 1872 வரை சென்னை மாகாண ஆளுநராக இருந்த நேப்பியர் பிரபு அதைச் செப்பனிடச் செய்தார். சென்னைப் பல்கலைக்கழகத்தின் செனட் இல்லத்தை வடிவமைத்த ராபர்ட் சிஷோம் அந்தப் பணியில் ஈடுபட்டார். பின்னர் நெடுங்காலம் இங்கே நீதிமன்றம் நடந்தது. ஒரு கட்டடத்துக்குப் பயன் இருந்தால் அதற்குக் கூரையும் இருக்கும் என்பதற்கு மகாலே சாட்சி என்று வழிகாட்டி சொன்னது மறுக்கமுடியாத வாதம். எங்கே பழைய சுதை, எங்கே பின்னாள் பூச்சு என்று நிழல் விழும் விதத்தை வைத்து அடையாளம் காட்டியதும் அருமை.

அங்கேதான் சறுக்கலும் நேர்ந்தது. அதுவரை ஆதாரத்தோடு பேசிக்கொண்டிருந்தவர், மகாலிலிருந்து மீனாட்சியம்மன் கோயிலுக்குச் சுரங்கப்பாதை இருக்கிறது என்ற பழைய கதையை நடந்த வரலாறுபோல் விரித்துச் சொன்னார். கூட்டம் அதைத்தான் அதிகம் ரசித்தது என்பதையும் ஒப்புக்கொள்ளவேண்டும். ஊர்க்கதை என்று சொல்லிவிட்டுச் சொல்லியிருந்தால் எனக்கு ஆட்சேபம் இல்லை. அதைவிட உறுத்தியது வேறு: குழுவில் வந்த இளைஞர் ஒருவர் படம் பிடிப்பதற்காகத் தூணின் அடிப்பீடத்தில் செருப்புக்காலோடு ஏறி நின்றார், பாதுகாப்பைப் பற்றி மூன்று மணி நேரம் பேசியவர் அதைப் பார்த்தும் வாய் திறக்கவில்லை. வாடிக்கையாளரைக் கடிந்துகொள்ளத் தயங்கினார்போலும். தூண்களில் ஆணியால் கீறிய காதலர் பெயர்கள் இப்படியொரு தயக்கத்திலிருந்துதான் பெருகுகின்றன.

வேனில் போகும்போது நடந்த பேச்சு பயனுள்ளது. மீனாட்சியம்மன் கோயில் இந்து சமய அறநிலையத் துறையிடமும், மகால் மாநிலத் தொல்லியல் துறையிடமும், சமணர் மலை இந்தியத் தொல்லியல் துறையிடமும் இருப்பதால், அரை நாள் நடைக்குள் நாங்கள் மூன்று நிர்வாகங்களைக் கடந்திருந்தோம். மத்திய அரசின் பாதுகாப்பிலுள்ள சின்னங்களைச் சுற்றி 100 மீட்டருக்குள் புதுக் கட்டடம் கூடாது, அதற்கு அப்பால் 200 மீட்டருக்கு அனுமதி வேண்டும் என்பது 1958-ஆம் ஆண்டுச் சட்டத்துக்கு 2010-இல் வந்த திருத்தம். மாநிலப் பாதுகாப்புச் சின்னங்களுக்கு 1966-ஆம் ஆண்டுச் சட்டம் இருக்கிறது. காலையில் கொத்தனார் தட்டிக் காட்டிய வீட்டைப் போன்றவற்றைக் காப்பது உரிமையாளரின் மனம் ஒன்றுதான்.

சமணர் மலையை அடைந்தபோது மணி பதினொன்றரை. இந்தச் சேவையின் ஆகப்பெரிய பிழை இந்த வரிசைதான். பங்குனி வெயிலில் பாறை கொதிக்கிறது. பேச்சிப்பள்ளத்துக்கு ஏறும் படிகளில் வயதானவர்கள் மூவர் பாதியிலேயே திரும்பிவிட்டார்கள். வரிசையாகச் செதுக்கப்பட்ட தீர்த்தங்கரர் உருவங்களையும், அவற்றைச் செய்வித்தவர்களின் பெயர்களைச் சொல்லும் வட்டெழுத்துகளையும் நாங்கள் பார்த்தது ஐந்தே நிமிடம். செட்டிப்புடவு என்னும் குகையில் அமர்ந்திருக்கும் தீர்த்தங்கரரை, நீண்ட காதுகளைக் கண்டு செட்டியார் என்று ஊரார் அழைத்ததால் வந்த பெயர் அது என்பதைச் சொல்லக்கூட வழிகாட்டிக்கு மூச்சில்லை. அந்தப் பெயரும் ஒருவகைக் காவல் என்றே எனக்குத் தோன்றுகிறது. தம்முடையவராக ஊர் நினைத்த உருவத்தை ஊர் உடைப்பதில்லை. கிரானைட் குவாரிகள் குன்றுகளை விழுங்கிய இந்த மாவட்டத்தில், 2022-இல் பல்லுயிர் மரபுத் தலமாக அறிவிக்கப்பட்ட அரிட்டாபட்டி வட்டாரத்தில் டங்ஸ்டன் சுரங்கத்துக்காக விடப்பட்ட ஏலம் ஊராரின் எதிர்ப்புக்குப் பின் 2025 ஜனவரியில் ரத்தானது. காத்தவர்களைப் பற்றிப் பேசும் நடையில் அந்த ஊர்மக்களுக்கு ஒரு வாக்கியம்கூட இல்லாமற்போனது ஏமாற்றம்.

குழுவில் இருபத்தாறு பேர் இருந்தோம். சந்துகளில் பின்வரிசைக்குப் பேச்சு எட்டவில்லை. பதினைந்தோடு நிறுத்தவேண்டும். மகால் நுழைவுச் சீட்டைத் தனியாக வாங்கச் சொன்னதை அறிவிப்பிலேயே குறித்திருக்கலாம். கொடுத்த வரைபடம் நன்று, எழுத்து மட்டும் பொடி. கொத்தனாரின் ஒரு மணி நேரத்துக்கே 800 ரூபாயும் தகும் என்பதால், முழங்கால் வலி இல்லாதவர்களுக்குத் தயங்காமல் பரிந்துரைப்பேன். தொப்பியும் இரண்டு பாட்டில் தண்ணீரும் கட்டாயம்.

மறுநாள் தொலைபேசியில் இவற்றையெல்லாம் சொன்னேன். பொறுமையாகக் கேட்டுக்கொண்டார்கள். "மலையை விடியக்காலையில வச்சா, எல்லாரும் அஞ்சு மணிக்கே வரணுமேய்யா, வருவாகளா?" என்று மட்டும் கேட்டார்கள். நான் வருவேன் என்றேன். தங்கை மகளுக்கு அடுத்த முறை சுவரைத் தட்ட ஒரு மரச்சுத்தியல் வாங்கித் தரவேண்டுமாம்.