கற்பனை நாட்டுக்கு அறம் அமைத்தல்: கட்டமா, கண்ணா, கிணறா?

மிகுபுனைவு எழுதுபவர்கள் தங்கள் கற்பனைச் சமூகத்துக்கு நியாய அநியாயம் வகுக்க வழக்கமாக மூன்று வழிகளில் ஒன்றைப் பிடிக்கிறார்கள். மூன்றையும் ஒரே சோதனையில் வைத்துப் பார்ப்போம். உங்கள் நாடு யாழ்ப்பாணம் போன்ற சுண்ணாம்புக்கல் தரை. வற்றாத ஆறு கிடையாது, கிணறுதான். ஒருவன் இரவில் தன் முறைக்கு மேலாகத் தண்ணீர் இறைக்கிறான். ஏன் இறைத்தான்? அதை ஊர் ஏன் பிழை என்கிறது? முதலாவது உந்துதல் பற்றிய கேள்வி, மற்றது அறம் பற்றியது. இரண்டுக்கும் ஒரே பதில் வந்தால் அவனை வைத்துக் கதை நகராது.

முதல் வழி கட்டம். 1974இல் வந்த ‘டஞ்சன்ஸ் அண்ட் டிராகன்ஸ்’ என்ற, ஆளுக்கொரு பாத்திரம் ஏற்று ஆடும் விளையாட்டில் பாத்திரங்களுக்கு ஒழுங்கு, நடுநிலை, குழப்பம் என்று மூன்று அறச்சார்புகள் இருந்தன. அந்தப் பத்தாண்டு முடியுமுன் நன்மை தீமையும் சேர்ந்து ஒன்பது கட்டமாயிற்று. நம் சோதனைக்கு இது தரும் பதில், ‘அவன் தீயவன், அதனால் இறைத்தான்.’ பெயர் ஒட்டியாயிற்று, காரணம் வரவில்லை. ஒரு இனம் முழுவதையும் ஒரே கட்டத்துக்குள் அடைக்கும்போது நிலைமை இன்னும் மோசம். போரைக் கண்ட ஊரில் இருந்து எழுதுபவர்களுக்கு அதை விளக்கத் தேவையில்லை. நாலு மணித்தியாலத்தில் முடிகிற விளையாட்டுக்குக் கட்டம் போதும். நாவலுக்குப் போதாது.

இரண்டாவது, கண். யார் பார்க்கிறார்கள் என்பதிலிருந்து தொடங்குவது. வெட்கத்தால் கட்டுண்ட சமூகம், குற்றவுணர்வால் கட்டுண்ட சமூகம் என்ற பிரிப்பு 1946இல் அமெரிக்க மானிடவியலாளர் ரூத் பெனடிக்ட் ஜப்பான் பற்றி எழுதியதன் வழியே பரவியது. ‘நாலு சனம் என்ன சொல்லும்’ என்று வளர்ந்த நமக்கு இது உடனே பிடிபடும், அதுதான் கண்ணியும். பெனடிக்ட் போர்க்காலத்தில் ஜப்பானுக்குப் போகாமலே, ஆவணங்களையும் அமெரிக்காவில் இருந்த ஜப்பானியரையும் வைத்து ஆராய்ந்தவர். அந்தப் பிரிப்பைப் பெட்டியாக எடுத்தால், தனியே இருக்கும்போது மனச்சாட்சியே இல்லாத மக்கள் கிடைப்பார்கள். ஒரே ஊரில் இரண்டு வீட்டுக்கு வெட்கத்தையும் குற்றவுணர்வையும் வேறு வேறு அளவில் வையுங்கள். ஒரு வீட்டில் இரவு இறைத்தவன் விடிந்ததும் நிம்மதியாகத் தேத்தண்ணி குடிக்கிறான். அடுத்த வீட்டில் ஒருவரும் காணாமலே ஒருவனுக்கு நித்திரை வரவில்லை. வேலியின் உயரத்தையும் தீர்மானியுங்கள். ஆளுயரக் கிடுகுவேலி உள்ள ஊரில் கண்ணைவிடக் காதுக்குத்தான் வேலை, வதந்திதான் காவல்.

ஆனாலும் எதை ஒளிக்க வேண்டும் என்பதைக் கண் சொல்லாது. அதற்குத்தான் மூன்றாவது வழி, கிணறு: எது அரிது, அதை யார் பங்கிடுகிறார்கள், செத்தபின் யாருக்குப் போகிறது.

சுண்ணாம்புக்கல்லில் மழைநீர் உப்புநீருக்கு மேல் மிதக்கிறது. கடல்மட்டத்துக்கு மேலே நன்னீர் ஒரு அடி நின்றால் கீழே ஏறத்தாழ நாற்பது அடிக்கு நன்னீர் இருக்கும் என்பது கைபன் ஹெர்ஸ்பெர்க் விகிதம். மேலே ஒரு அடியை இறைத்தால், காலப்போக்கில் கீழிருந்து நாற்பது அடி உப்பு ஏறப் பார்க்கும். வெடிப்பும் குகையும் உள்ள பாறையில் கணக்கு இவ்வளவு நேராக வராது, போக்கு இதுதான். ஆகவே மிஞ்சி இறைத்தவனுக்கு இன்று லாபம், நாளை பக்கத்துக் கிணறு உவர். இதுவே பிழையின் வடிவம்.

இறைக்கும் கருவியையும் பாருங்கள். துலா என்ற ஏற்ற மரத்தில் ஒருவரோ இருவரோ ஏறி நடக்க, ஒருவர் தண்ணீர் அள்ளிவரும் பட்டையைக் கவிழ்க்க, இன்னொருவர் தோட்டத்தில் தண்ணியைப் பாத்திக்குப் பாத்தி மாற்றிவிட வேண்டும். மூன்று நாலு பேர் இல்லாமல் களவாக இறைக்க ஏலாது. விதியைக் காத்தது ஆள்கணக்கு. மோட்டர் வந்ததும் ஒருவன் தனியாக இறைக்கலாம். உங்கள் உலகில் மந்திரத்தை நுழைக்கும்போது கேட்கவேண்டியதும் இதுதான்: எந்த வேலைக்கு இனி அயலவர் தேவையில்லை? அந்த இடத்தில்தான் பழைய அறம் முதலில் விரிசல் விடும்.

உந்துதல் பெரும்பாலும் வாரிசுரிமையில் இருந்து வரும். 1707இல் ஒல்லாந்தருக்காக கிளாஸ் ஐசாக்ஸ் எழுத்தில் தொகுத்து, பன்னிரண்டு முதலியார்கள் பார்வையிட்ட தேசவழமை, அதாவது யாழ்ப்பாணத் தமிழரின் வழமைச் சட்டம், சொத்தை முதுசம் (பரம்பரையாக வந்தது), சீதனம், தேடியதேட்டம் (மணவாழ்வில் தேடியது) என்று பிரிக்கிறது. காணி விற்பவர் பங்காளிக்கும் அயலவருக்கும் முதலில் அறிவிக்கவேண்டும் என்றது அந்தத் தொகுப்பு. இந்த மாதிரி இரண்டே விதி போட்டுப் பாருங்கள், பாத்திரங்கள் தாமாகவே எழும்புவார்கள். இரவில் இறைத்தவன் தங்கையின் சீதனத்துக்காகத் தன் கலியாணத்தைத் தள்ளிப்போட்ட தமையனாக இருக்கலாம். வீட்டுக்கு அவன் கடமை தவறாதவன், கிணற்றுக்குக் கள்ளன். இரண்டு அறங்கள் மோதுகின்றன, ஒன்றும் பொய்யில்லை.

எழுதி வைத்த சட்டம் வேறு, நடக்கிற வழமை வேறு. எல்லாரும் மீறுகிற, ஒருவரும் வாய்விட்டுச் சொல்லாத ஒரு விதியாவது ஊரில் இருக்கட்டும். விதியை மீறுவதால் யாருக்கு என்ன லாபம் என்று எழுத முடியாவிட்டால் அந்த விதி வெறும் அலங்காரம், வெட்டிவிடுங்கள். இந்த வழிக்கும் ஒரு நோய் உண்டு. எல்லாவற்றையும் தண்ணீர்க் கணக்காக்கினால் மனிதர் கணக்குப்பிள்ளைகள் ஆகிவிடுவார்கள். லாபமில்லாமல் விதியைக் காக்கும் கிழவி ஒருத்தியும், காரணமில்லாமல் வெறுக்கும் ஒருவனும் அந்த ஊருக்கு வேண்டும்.

ஆகவே கிணற்றை முதலில் தோண்டி, கண்ணைப் பிறகு வைப்பதே நல்லது. கோயிலையும் கடவுளையும் கடைசிக்கு விடுங்கள். பாறைக்கு அடியில் உப்பு இருப்பதை அறியாத சனம் உவரைச் சாபம் என்றுதான் சொல்லும். மிஞ்சி இறைத்தவன் வீட்டில் விழாத சாபம் பக்கத்து வீட்டில் ஏன் விழுந்தது என்று பூசகர் என்ன விளக்கம் சொல்வார்? அதை ஒரு பக்கத்துக்கு எழுதுங்கள், அந்த ஊரின் சமயம் அங்கே தொடங்கும்.