வாரியமா, நீதிமன்றமா? பென்டகனுடன் ஒப்பந்தத் தகராறு

தகராறு வந்தால், அமெரிக்கப் பாதுகாப்புத் துறை ஒப்பந்ததாரர் முதலில் அரசுத் தரப்பு ஒப்பந்த அதிகாரியிடம் எழுத்துப்பூர்வமாகக் கோரிக்கை வைக்க வேண்டும். தொகை 1,00,000 டாலரைத் தாண்டினால் சான்றுறுதி, அதாவது கோரிக்கை நேர்மையானது என்று ஒப்பந்ததாரர் தரும் உறுதிமொழி, கட்டாயம். அதில் கையெழுத்தே இல்லையென்றால் கோரிக்கை கணக்கில் வராது. அதிகாரியின் இறுதி முடிவு பாதகமாக வந்தால், 1978-ம் ஆண்டின் ஒப்பந்தத் தகராறுகள் சட்டம் இரண்டு வழிகளைத் தருகிறது.

ஆயுதப்படை ஒப்பந்த மேல்முறையீட்டு வாரியத்துக்கு 90 நாள்தான் கெடு. கூட்டாட்சிக் கோரிக்கை நீதிமன்றத்துக்கு 12 மாதம். முடிவு கையில் கிடைத்த நாளிலிருந்து எண்ண வேண்டும். அதிகாரியோடு பேச்சுவார்த்தை நடக்கிறதே என்று 90 நாளைக் கோட்டைவிடுபவர்கள் உண்டு.

வாரியத்தில் நிறுவன அலுவலரே வாதாடலாம். நீதிமன்றத்தில் நிறுவனத்துக்கு வழக்கறிஞர் இல்லாமல் முடியாது. சிறு தொகை என்றால் வாரியமே மேல்: 50,000 டாலர் வரையிலான வழக்கை 120 நாளில் முடிக்கும் விரைவு முறையை ஒப்பந்ததாரரே தேர்ந்தெடுக்கலாம்.

எதிர்த்தரப்பும் மாறும். வாரியத்தில் அந்தந்தப் படைப்பிரிவின் வழக்கறிஞர்கள், நீதிமன்றத்தில் அமெரிக்க அரசின் நீதி அமைச்சக வழக்கறிஞர்கள். நீதிமன்றத்தில் ஒப்பந்ததாரர் மோசடி செய்தார் என்று அரசு எதிர்க்கோரிக்கை எழுப்பலாம், நிரூபணமானால் முழுக் கோரிக்கையும் பறிபோகும். கணக்கில் ஓட்டை இருப்பவர் நீதிமன்றப் பக்கம் போகாதிருப்பது நல்லது.

ஒன்றில் முறையாக நுழைந்தபின் மற்றதற்குத் தாவ முடியாது. இரண்டிலிருந்தும் மேல்முறையீடு கூட்டாட்சிச் சுற்று மேல்முறையீட்டு நீதிமன்றத்துக்கே (Federal Circuit): வாரியத்திலிருந்து 120 நாள், கோரிக்கை நீதிமன்றத்திலிருந்து 60 நாள்.