ஐஸ் பிடித்த ஹீட் பம்ப்புக்கு கேஸ் நிரப்பிய கதை: ஓர் எச்சரிக்கை

வீட்டில் ஹீட் பம்ப் (ஏசி மாதிரி, ஆனால் வெளிக்காற்றின் வெப்பத்தை உள்ளே கொண்டுவந்து வீட்டைச் சூடாக்கும் மெஷின்) வைத்திருப்பவர்கள், அடுத்த முறை மெக்கானிக்கைக் கூப்பிடுவதற்கு முன் இதைப் படித்துவிடுங்கள். நான் ஏமாந்த விதம் கொஞ்சம் விசித்திரமானது. ரிப்பேர் பார்த்ததும் மெஷின் உண்மையிலேயே நன்றாக ஓடியது. அதனால்தான் நம்பித் தொலைத்தேன்.

தெர்மோஸ்டாட்டில் 21 டிகிரி வைத்தால் வீடு 17ஐத் தாண்டவில்லை. காற்று வந்தது, சூடு வரவில்லை. (நல்ல நிலையில் உள்ள ஹீட் பம்ப்பிலிருந்துகூட பெரும்பாலும் 32 முதல் 40 டிகிரி வரைதான் காற்று வரும். நம் உடம்பே 37 என்பதால் கையை நீட்டினால் சப்பென்றுதான் இருக்கும். அது கோளாறு அல்ல. எனக்கு வந்தது அதையும்விட மோசம்.) ஃபில்டர் சுத்தமாக இருந்தது, பிரேக்கரும் விழவில்லை. வெளியே போய்ப் பார்த்தால், வெளி யூனிட் முழுக்க ஐஸ். லேசான பனிப்பூச்சு என்றால் சாதாரணம், தானாகவே போய்விடும். இது தகடுகளே தெரியாத அளவுக்கு வெள்ளைச் சுவராக நின்றது.

ஒரு சர்வீஸ் கம்பெனியைக் கூப்பிட்டேன். வந்தவர் நேராகக் கேஜை, அதாவது குழாய்க்குள் சுற்றும் கேஸின் அழுத்தத்தைக் காட்டும் கருவியை, மாட்டினார். முள் கீழே இருந்தது. "பாருங்க சார், கேஸ் இல்ல" என்று என்னையே பார்க்கச் சொன்னார். கண்ணால் பார்த்த பிறகு என்ன பேசுவது? வெதுவெதுப்பான தண்ணீரை ஊற்றி ஐஸைக் கரைத்தார், சிலிண்டரைத் திறந்து கேஸ் ஏற்றினார், பில்லில் ‘கேஸ் டாப்-அப்’ என்று மட்டும் எழுதினார். எத்தனை கிராம் என்று எழுதவில்லை. எடைக்கருவி எதுவும் அவரிடம் இருந்ததாகவே நினைவில்லை. அரை மணி நேரத்தில் வீடு சூடாகிவிட்டது. வாசல் வரை போய் நன்றி சொல்லி அனுப்பினேன் என்பதை நினைத்தால் இப்போதும் எரிகிறது.

மூன்றாம் நாள் மறுபடியும் அதே வெள்ளைச் சுவர்.

அதே ஆள் திரும்பி வந்தார். இந்த முறை கேஜைக்கூட எடுக்கவில்லை. யூனிட் பக்கத்தில் காதை வைத்துக் கேட்டுவிட்டு, "கம்ப்ரசர் போச்சு, சத்தத்திலேயே தெரியுது. பழைய மெஷின், புதுசா மாத்திடுறதுதான் நல்லது" என்றார். முன்பணமும் வாங்கிக்கொண்டார். புது யூனிட் வரும்வரை குளிராமல் இருக்கட்டும் என்று தெர்மோஸ்டாட்டில் ஏதோ அழுத்திவிட்டுப் போனார். வீடு கதகதவென்று ஆனது. நல்ல மனுஷன் என்று அன்றைக்கும் நினைத்தேன்.

அவர் அழுத்தியது எமர்ஜென்சி ஹீட். அதைப் போட்டால் கம்ப்ரசர் அடியோடு நின்றுவிடும், உள்ளே இருக்கும் மின்சாரக் காயில் மட்டும் எரியும். ஹீட் பம்ப் வெளிக்காற்றில் இருக்கும் வெப்பத்தை இழுத்து வருவதால், மிதமான குளிரில் ஒரு யூனிட் மின்சாரத்துக்கு ஏறத்தாழ மூன்று யூனிட் சூடு கிடைக்கும். காயிலில் ஒன்றுக்கு ஒன்றுதான். இதை அவர் என்னிடம் சொல்லவே இல்லை. மீட்டர் ஓடிய வேகத்தைப் பார்த்துத்தான் ஏதோ சரியில்லை என்று உறைத்தது. வேறொருவரை அழைத்தேன்.

இரண்டாவதாக வந்தவர் முதலில் கேட்ட கேள்வி: "இது எப்பவாவது தானா ஐஸைக் கரைக்கிறதைப் பார்த்திருக்கீங்களா?" எனக்குப் புரியவில்லை. அவர் விளக்கியது இதுதான். குளிரில் ஓடும்போது வெளிக் காயிலில் (வெளி யூனிட்டில் கேஸ் ஓடும் குழாய்ச் சுருளில்) பனி படிவது இயற்கை. அதைக் கரைக்க மெஷின் அவ்வப்போது டிஃப்ராஸ்டுக்குப் போகும். கேஸ் ஓடும் திசையை மாற்றும் ரிவர்சிங் வால்வு திரும்பி, சூடான கேஸ் வெளிக் காயிலுக்கு வரும். வெளி ஃபேன் நிற்கும், யூனிட்டிலிருந்து புகை மாதிரி ஆவி கிளம்பும். பத்து நிமிடத்துக்குள் முடிந்துவிடும். இதைத் தொடங்கிவைப்பது காயில் குழாயில் கிளிப் போட்டு மாட்டிய ஒரு சின்ன சுவிட்ச். குழாய் உறைநிலை அளவுக்குக் குளிர்ந்ததும் அது மூட வேண்டும், அதாவது மின்சாரம் போக இணைப்புக் கொடுக்க வேண்டும். ஐஸ் மூடிக் கிடந்த குழாயிலேயே அதை வைத்து மல்டிமீட்டரில் காட்டினார். திறந்தே இருந்தது. அதாவது என் மெஷினுக்குத் தன்மேல் ஐஸ் இருப்பதே தெரியவில்லை.

‘அப்போது கேஜ் முள் ஏன் கீழே இருந்தது?’ என்றேன். காயிலை ஐஸ் மூடிவிட்டால் காற்றிலிருந்து வெப்பம் உள்ளே போகாது, உறிஞ்சும் பக்கத்து அழுத்தம் தானாக இறங்கிவிடும். கேஸ் முழுசாக இருந்தாலும் முள் குறைவாகத்தான் காட்டும். எனக்குக் காட்டப்பட்ட ‘ஆதாரம்’ அவ்வளவுதான். மெஷினை இரண்டு நாள் ஓட வைத்தது சிலிண்டர் அல்ல, அந்தத் தண்ணீர்.

கேஸை வெளியே எடுத்து எடை போட்டார். யூனிட்டின் பிளேட்டில் எழுதியிருந்ததைவிடக் கூடுதலாக இருந்தது. கசிவே இல்லை, முதலில் இருந்தது அப்படியே இருக்க, மேலே ஒரு பங்கு ஏற்றியிருக்கிறார்கள். கேஸ் என்பது பெட்ரோல் மாதிரி தீர்ந்துபோகும் பொருள் அல்ல. மூடிய குழாய்க்குள் சுற்றிச் சுற்றி வருவது. குறைந்தால் எங்கோ ஓட்டை இருக்க வேண்டும், அதைத் தேடாமல் நிரப்புகிறவரை நான் இனி சிலிண்டரைத் திறக்க விடமாட்டேன். கம்ப்ரசரின் மூன்று முனைகளையும் அளந்தார், எர்த்துக்குக் கசிகிறதா என்றும் பார்த்தார், ஓடும்போது ஆம்பியரும் பார்த்தார். எல்லாம் சரியாக இருந்தன. சுவிட்சை மாற்றி, கேஸைச் சரியான எடைக்குக் கொண்டுவந்து, தெர்மோஸ்டாட்டைப் பழைய நிலைக்குத் திருப்பினார். அன்று மாலையே ஆவி கிளம்புவதை முதன்முதலாகப் பார்த்தேன்.

முதல் வருகையில் நடந்தது அரைகுறை வேலை என்று விட்டுவிடலாம். ஐஸைப் பார்த்தவுடன் கேஸ் என்று சொல்லிப் பழகிப்போன கை. இரண்டாவது வருகையை என்னால் அப்படி விட முடியவில்லை. எந்த மீட்டரையும் வைக்காமல் கம்ப்ரசர் போய்விட்டது என்று சொல்லி, முன்பணமும் வாங்கிக்கொண்டு போனது தெரியாமல் செய்த தவறு என்று எனக்குத் தோன்றவில்லை. கம்ப்ரசர் போச்சு என்று உங்களிடம் யாராவது சொன்னால், எத்தனை ஓம், எத்தனை ஆம்பியர் என்று கேட்டு எழுதி வாங்குங்கள். வெளி யூனிட்டில் ஐஸ் இருந்தால், யாரும் தண்ணீர் ஊற்றுவதற்கு முன் நாலு பக்கமும் படம் எடுத்து வையுங்கள். என்னிடம் ஒரே ஒரு படம் இருந்தது, அதுவும் மங்கல்.

அந்தப் படத்தையும் இரண்டாமவரின் அளவுகளையும் காட்டிய பிறகு முன்பணத்தில் பாதி திரும்பி வந்தது. மீதி ‘இரண்டு முறை வந்து பார்த்த கூலி’யாம்.