லாக்டோஸ் நீக்கிய பால்: மூன்று வாரம் குடித்துப் பார்த்ததில்

வயிறு அமைதியாக இருக்கிறது, முதலில் அதைச் சொல்லிவிடுகிறேன்.

இதற்கு முன்னால் கோபியில் பழக்கமான ஒரு பால் கடையில் புலம்பினேன், காலையில் ஒரு டம்ளர் பால் குடித்தால் பத்து மணிக்குள் வயிறு பொருமி, கடமுடாவென்று சத்தம் போட்டு, அப்புறம் ஓட்டம்தான் என்று. கடைக்காரர் விடவில்லை. "ஏனுங்க, அது சீமை மாட்டுப் பாலுங்க, நம்ம நாட்டு மாட்டு ஏ2 பால் குடிச்சுப் பாருங்க, ஒண்ணும் பண்ணாதுங்க" என்று இரண்டு மடங்கு விலை வாங்கிக்கொண்டார். ஒரு வாரம் குடித்தேன். அதே ஓட்டம். ஏ2 என்பது பாலில் உள்ள பீட்டா கேசின் என்ற புரதத்தின் வகை. எனக்கு ஒத்துக்கொள்ளாதது பாலின் சர்க்கரையான லாக்டோஸ், அது காங்கேயம் மாட்டுப் பாலிலும் உண்டு. (காங்கேயம் ஏருக்கும் வண்டிக்கும் பேர்போன மாடு, இத்தனை லிட்டர் எங்கிருந்து வருகிறது என்று அப்போதே கேட்டிருக்கணும்.)

இதை நோய் என்றே நினைத்திருந்தேன். பார்த்தால், பாலூட்டிகளுக்கு இதுதான் வழக்கமாம்: தாய்ப்பால் மறந்ததும் லாக்டோஸை உடைக்கும் லாக்டேஸ் நொதி குறைந்துவிடும். உலகத்தில் வளர்ந்தவர்களில் சுமார் மூன்றில் இரண்டு பேர் என் கட்சி. மாடு வளர்க்கப் பழகிய பிறகு, கடந்த பத்தாயிரம் வருடங்களுக்குள், லாக்டேஸ் மரபணுவுக்குப் பக்கத்தில் டிஎன்ஏவில் ஒரே ஓர் எழுத்து மாறி, வளர்ந்த பிறகும் நொதி குறையாமல் இருந்தவர்களின் பிள்ளைகள் கூடுதலாகப் பிழைத்து, அது வட ஐரோப்பாவில் பெரும்பாலோருக்குப் பரவிவிட்டது, இதைத்தான் இயற்கைத் தேர்வு என்கிறார்கள். கிழக்கு ஆப்பிரிக்க மேய்ப்பர்களிடம் வேறு எழுத்து தனியாக மாறி அதே வேலையைச் செய்தது. ஐரோப்பிய மாற்றமே இந்தியாவிலும் இருக்கிறது, வடமேற்கில் அதிகம், தெற்கே வர வரக் குறைவு. என் அம்மிச்சிக்கு இந்தக் கதை எதுவும் தெரியாது, ஆனால் பாலைப் பிரை ஊற்றி, கடைந்து, கம்மஞ்சோற்றில் மோராகத்தான் ஊற்றுவார். லாக்டோஸில் ஒரு பங்கை அந்தப் பிரையின் நுண்ணுயிர்களே தின்றுவிடும்.

சரி, டப்பாவுக்கு வருவோம். மற்றவர்கள் குடலில் இருக்கும் அதே நொதியை ஆலையிலேயே பாலில் கலக்கிறார்கள், லாக்டோஸ் குளுக்கோஸாகவும் கேலக்டோஸாகவும் உடைந்துவிடுகிறது. அதனால் பால் நன்றாகவே இனிக்கிறது. காபிக்குச் சர்க்கரையைப் பாதியாக்கிவிட்டேன், அப்பா ஒரு வாய் குடித்துவிட்டு "என்ன கண்ணு, பாயசமா?" என்றார். சர்க்கரை நோய்க்காரர்கள் கவனம், இது சர்க்கரை இல்லாத பால் இல்லை.

மச்சானிடம் இதைச் சொன்னதற்கு, "ஆஸ்பத்திரியும் டப்பாவும் வந்தாச்சு, இனி இயற்கைத் தேர்வாவது ஒண்ணாவது" என்றார். அப்படி இல்லை. டப்பா வந்ததால் பால் விஷயத்தில் அழுத்தம் கொஞ்சம் தளரலாம், அவ்வளவுதான். ஒருவருக்கு நான்கு பிள்ளை, இன்னொருவருக்கு ஒன்றுமில்லை என்ற வித்தியாசத்தில் மரபணுவுக்குத் துளி பங்கு இருந்தாலும் தேர்வு நடந்துகொண்டேதான் இருக்கும்.

குறை என்றால் விலை, சாதாரணப் பாலைவிட ரொம்பவே கூட. எங்கள் ஊர்க் கடைகளில் கிடையாது, ஈரோடு போகும்போது மொத்தமாக வாங்கி வர வேண்டியிருக்கிறது. ஐந்துக்கு மூன்றரை கொடுப்பேன். கையில் இரண்டு டப்பா மிச்சம், அதைக் காலைக் காபிக்கு வைத்துக்கொண்டு மற்ற நேரத்துக்கு மோருக்கே திரும்பிவிட்டேன்.