0.025-ஐ எப்படி ரவுண்டு செய்வது? லிம்ஸ் வேலையில் எட்டு வருடம்

மிக்ஸி வாங்கியவர்கள் ஆறே மாதத்தில் அனுபவம் எழுதிவிடுகிறார்கள். எனக்கு எட்டு வருடம் பிடித்தது. எழுதப்போவது லிம்ஸ் என்கிற ஆய்வக மென்பொருளைப் பற்றி. அது எனக்கு வாங்கித் தந்த வேலையைப் பற்றியும். இரண்டையும் பிரித்துப் பேச எனக்கு இனி வராது. கெமிஸ்ட்ரி முடித்த தம்பி தங்கைகள் "அந்தப் பக்கம் வரலாமா?" என்று கேட்டுக்கொண்டே இருக்கிறார்கள். ஒவ்வொருவருக்கும் போனில் தனித்தனியாகச் சொன்னதுதான் இது.

முதலில் லிம்ஸ் என்றால் என்ன என்பது. மாத்திரை கம்பெனியில் தரத்தைச் சோதிக்கும் க்யூசி லேபுக்கு ஒரு பேட்சின் சாம்பிள் வருகிறது. அதைப் பதிவு செய்ததும் பார்கோடு ஒட்டு அச்சாகும். அந்த மருந்துக்கான ஸ்பெக் என்ன, எந்தெந்தச் சோதனை, வரம்பு எவ்வளவு என்பதையெல்லாம் மென்பொருளே எடுத்துப் போடும். அனலிஸ்ட் முடிவை ஏற்றுவார், இன்னொருவர் சரிபார்ப்பார், கடைசியில் சான்றிதழ் வெளியே வரும். இதற்கு முன்பு இதே பாதையில் ஒரு தடிமனான ரிஜிஸ்டரும், ஜெராக்ஸ் எடுத்த ஒர்க்‌ஷீட்டும், "அந்த ஃபைல் யார் மேஜையில் இருக்கு?" என்ற கூவலும் இருந்தன.

ஹைதராபாத் புறநகரில் ஒரு மருந்து கம்பெனியில் மருந்தில் என்ன எவ்வளவு இருக்கிறது என்று பிரித்து அளக்கும் எச்பிஎல்சி கருவி முன்னால் நான்கு வருடம் நின்றவன் நான். 2017-இல் நிர்வாகம் லிம்ஸ் வாங்கியது. லேபிலிருந்து ஒருவர் அந்தத் திட்டத்துக்கு வேண்டும் என்றார்கள். யாரும் கை தூக்கவில்லை, ஏனென்றால் ஷிஃப்ட் அலவன்ஸ் போய்விடும். நைட் ஷிஃப்ட் போனால் போதும் என்றிருந்த நான் தூக்கினேன். தொலைநோக்கு, இலக்கு என்று எதுவும் இல்லை.

கம்ப்யூட்டர் வேலை என்று நினைத்துப் போனேன். முதல் ஒன்பது மாதம் செய்தது தட்டச்சு. கௌரவமாகச் சொன்னால் மாஸ்டர் டேட்டா. கம்பெனியில் இருக்கிற ஒவ்வொரு மருந்து, மூலப்பொருள், சோதனை, அலகு, வரம்பு, கணக்கீடு எல்லாவற்றையும் மென்பொருளுக்குப் புரிகிற வடிவில் ஏற்றுவது. இந்த வேலைக்கு மதிப்பே இல்லை என்று முதலில் நினைத்தேன். இப்போது கேட்டால், இந்தத் தொழிலில் மதிப்பானது இது ஒன்றுதான் என்பேன். மற்றதையெல்லாம் பின்னால் மாற்றிக்கொள்ளலாம். தவறாக ஏற்றிய மாஸ்டர் டேட்டா உங்களோடு வயதாகும்.

எங்கள் லேபில் மெத்தனால் மூன்று பெயரில் இருந்தது. ஒருவர் முழுப்பெயரில் எழுதுவார், ஒருவர் கிரேடையும் சேர்த்து, இன்னொருவர் சுருக்கமாக. காகிதத்தில் மூன்றும் ஒன்று என்று எல்லோருக்கும் தெரியும். மென்பொருளுக்கு அது மூன்று பொருள். அவசரத்தில் மூன்றையும் ஏற்றிவிட்டோம். பிறகு "இந்த வருடம் எவ்வளவு மெத்தனால் சோதித்தோம்?" என்ற எளிய கேள்விக்கு மூன்று அறிக்கை எடுத்துக் கூட்ட வேண்டியிருந்தது.

இனி தலைப்பில் இருக்கும் கதை. வரம்போடு முடிவை ஒப்பிட அமெரிக்க மருந்து நூலான யூஎஸ்பி ஒரு விதி வைத்திருக்கிறது. வரம்பு எத்தனை தசம இடத்தில் அச்சாகியிருக்கிறதோ, முடிவையும் அத்தனை இடத்துக்கு ரவுண்டு செய்துவிட்டுத்தான் ஒப்பிட வேண்டும். கடைசியில் நிற்பது 5 என்றால் மேலே ஏற்ற வேண்டும். மருந்தின் அளவு 98.0-க்குக் குறையக்கூடாது, கிடைத்தது 97.95 என்றால் அது 98.0 ஆகும், பாஸ். மாசு 0.02-ஐத் தாண்டக்கூடாது, கிடைத்தது 0.025 என்றால் அது 0.03 ஆகும், ஃபெயில்.

எங்களுக்கு மென்பொருளை அமைத்துக் கொடுத்த குழு, நிரல்மொழியில் தயாராக இருந்த ரவுண்டு கட்டளையை அப்படியே பயன்படுத்தியிருந்தது. சில நிரல்மொழிகளில் அந்தக் கட்டளை வங்கிக் கணக்கர் வழியில் வேலை செய்யும்: கடைசியில் 5 நின்றால் பக்கத்திலுள்ள இரட்டைப்படை எண்ணுக்குத் தள்ளும். 97.95-ஐக் கொடுத்தால் 98.0 தான் வரும், விதிப்படி சரி. 0.025-ஐக் கொடுத்தால் 0.02 வரும். ஃபெயிலாக வேண்டிய பேட்ச் திரையில் பச்சை நிறத்தில் பாஸ்.

அந்தக் குழு எழுதிய சோதனைத் தாளில் இருந்தது 97.95 மட்டும். பக்கம் பக்கமாக ஸ்கிரீன்ஷாட், கையெழுத்து, தேதி எல்லாம் சுத்தமாக இருந்தது. கண்டுபிடித்தவர் எங்கள் லேபில் ஓய்வுக்கு இரண்டு வருடம் பாக்கியிருந்த ஒரு தெலுங்குக்காரர். எல்லோரும் மாஸ்டர் காரு என்போம். கம்ப்யூட்டரை மவுஸால் தொடவே தயங்குகிறவர். மென்பொருள் சரியாக வேலை செய்கிறதா என்று சோதித்துப் பதிவு செய்யும் வேலிடேஷன் நடக்கும்போது பின்னால் வந்து நின்று, "மாசுக்கு 0.025 போட்டுக் காட்டு பார்க்கலாம்" என்றார். போட்டேன். பென்சிலால் என் நோட்டில் 0.03 என்று எழுதி அடிக்கோடு போட்டுவிட்டு டீ குடிக்கப் போய்விட்டார். மென்பொருள் நிஜப் பயன்பாட்டுக்கு வரும் நாள், அதாவது கோ-லைவ், ஆறு வாரம் தள்ளிப்போனது. அந்த ஆறு வாரமும் என்மேல் எல்லோருக்கும் கோபம், அவர்மேல் யாருக்கும் இல்லை.

லேபிலிருந்து வருபவர் இந்த வேலைக்குப் பொருத்தமா, ஐடியிலிருந்து வருபவரா என்று கேட்பவர்களுக்கு நான் இந்தக் கதையைத்தான் சொல்வேன். தரவுத்தளத்திலிருந்து தகவல் எடுக்கும் மொழியான எஸ்க்யூஎல்லை மூன்று மாதத்தில் கற்றுக்கொள்ளலாம். 0.025-ஐப் போட்டுப் பார்க்க வேண்டும் என்று தோன்றுவதற்கு நாலு வருடம் ஓஓஎஸ் (முடிவு வரம்புக்கு வெளியே போனால் நடக்கும்) விசாரணைகளில் உட்கார்ந்து எழுந்திருக்க வேண்டும்.

லேபிலிருந்து வந்தவன் தவறே செய்ய மாட்டான் என்று எடுத்துக்கொள்ள வேண்டாம். தராசுகளை லிம்ஸோடு இணைத்தது நான். மெட்லர் டொலேடோ தராசு எடையை அனுப்பும்போது முன்னால் இரண்டு எழுத்து வரும். எஸ் எஸ் என்றால் எடை நிலைத்துவிட்டது, எஸ் டி என்றால் இன்னும் ஆடிக்கொண்டிருக்கிறது. உடனே அனுப்பு என்ற கட்டளையைக் கொடுத்தால் ஆடுகிற எடையும் வரும். நான் எழுதிய நிரல் அந்த இரண்டாவது எழுத்தைப் பார்க்கவே இல்லை, எண்ணை மட்டும் வெட்டி எடுத்துக்கொண்டது. நல்லவேளை, சோதனைக் கட்டத்திலேயே ஏசி காற்று நேராக விழுகிற மேஜைத் தராசு காட்டிக் கொடுத்துவிட்டது. ஒரே பாத்திரம், மூன்று எடை.

மென்பொருளில் எனக்கு மிகவும் பிடித்த பகுதி ஸ்டெபிலிட்டி, அதாவது மருந்து எவ்வளவு நாள் கெடாமல் இருக்கும் என்ற சோதனை. மருந்தை 40 டிகிரியிலும் 75 சதவீத ஈரப்பதத்திலும் ஆறு மாதம் வைத்துப் பார்ப்பது ஒரு பக்கம். மிதமான சூழலில் 0, 3, 6, 9, 12, 18, 24, 36 மாதம் என்று எடுத்துச் சோதிப்பது இன்னொரு பக்கம். நூறு பேட்ச் இருந்தால் எந்த அறையிலிருந்து எந்தப் பாட்டிலை எந்தத் தேதியில் எடுப்பது என்பதை எக்செல்லில் வைத்துக்கொள்வது தலைவலி. யாராவது ஒரு நெடுவரிசையை மட்டும் சார்ட் பண்ணிவிட்டால் முடிந்தது. லிம்ஸ் வந்த பிறகு திங்கள்கிழமை காலை பட்டியல் தானாக வருகிறது. எட்டு வருடத்தில் எடுக்க வேண்டிய ஒரு பாட்டில் கூடத் தவறவில்லை என்று சொல்ல ஆசைதான். இரண்டு தவறின. இரண்டுமே பட்டியலில் இருந்தவை, சங்கராந்தி விடுமுறையில் யாரும் பார்க்கவில்லை.

அடுத்தது, இந்த வேலைக்கு வருவதற்கு முன்பு யாரும் எனக்குச் சொல்லாதது. மின்னணுப் பதிவுகளுக்கான அமெரிக்கச் சட்டவிதி, 21 சிஎஃப்ஆர் பகுதி 11, 1997-லிருந்தே இருக்கிறது. ஆனால் இந்திய கம்பெனிகள் டேட்டா இன்டெக்ரிட்டி (பதிவுகளைத் திரிக்காமல் உண்மையாக வைத்திருப்பது) என்ற சொல்லைக் கேட்டு நிமிர்ந்து உட்கார்ந்தது பின்னால்தான். 2013 மே மாதம் இந்திய மருந்து கம்பெனி ரான்பாக்ஸியின் அமெரிக்க நிறுவனம், பொய்த் தகவல் தந்தது உள்ளிட்ட குற்றங்களை ஒப்புக்கொண்டு 50 கோடி டாலர் கட்டச் சம்மதித்தது. 2018 டிசம்பரில் அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பான எஃப்டிஏ வெளியிட்ட வழிகாட்டுதலில், அமைப்புகளை மாற்றும் அதிகாரம் உள்ள நிர்வாகி, பதிவுகளின் உள்ளடக்கத்துக்குப் பொறுப்பானவர்களிடமிருந்து தனித்து இருக்க வேண்டும் என்ற பரிந்துரை இருந்தது. நடைமுறையில் இதன் பொருள்: என்னை லேபிலிருந்து பெயர்த்து ஐடி துறைக்குக் கீழே வைத்தார்கள். நேற்றுவரை ஒரே டிஃபன் பாக்ஸில் சாப்பிட்டவர்கள், நான் வந்தால் பேச்சை மாற்ற ஆரம்பித்தார்கள். ஐடிக்காரர்களுக்கோ நான் "அந்த கெமிஸ்ட்". இரண்டு வீட்டுக்கும் வேண்டாத மருமகன் நிலை.

ஒரு மாதக் கடைசி, இரவு 11 மணி. ஒரு பிரிவுத் தலைவர் போன் செய்து, சரிபார்ப்பு முடிந்த ஒரு சாம்பிளின் பதிவைத் திருத்துவதற்காகத் திறந்துவிடச் சொன்னார். "டைப்பிங் மிஸ்டேக்தான், தம்பி. காலையில் லாரி கிளம்பணும்." அவர் சொன்னது உண்மைதான் என்று எனக்குத் தெரியும். திறக்கவும் என்னால் முடியும். டீவியேஷன் (நடந்த தவறைப் பற்றிய அறிக்கை) எழுதி, தர உறுதிப் பிரிவான க்யூஏவின் ஒப்புதலோடு வாருங்கள் என்றேன். யார், எப்போது, எதை, ஏன் மாற்றினார்கள் என்று ஆடிட் ட்ரெயில் எழுதிவைக்கும். அதில் என் பெயரும் 11.04 என்ற நேரமும் நிற்பதை ஓர் ஆடிட்டர் இரண்டு வருடம் கழித்துப் படிப்பார். லாரி மறுநாள் மதியம் கிளம்பியது. அந்தத் தலைவர் ஒரு வருடம் என்னிடம் நேராகப் பேசவில்லை. இதைத் தாங்க முடியாதவர்களுக்கு இந்த நாற்காலி வேண்டாம்.

பிடிக்காத இன்னொன்று, சின்ன மாற்றத்துக்கும் ஆகிற நாள். ஒட்டில் எழுத்தைக் கொஞ்சம் பெரிதாக்க வேண்டும் என்றாலும் சேஞ்ச் கண்ட்ரோல் என்ற மாற்ற விண்ணப்பம், பாதிப்பு மதிப்பீடு, சோதனை, ஒப்புதல் என்று மூன்று வாரம். எதற்கெடுத்தாலும் ஸ்கிரீன்ஷாட் குவிக்காமல் ஆபத்து உள்ள இடத்தில் யோசித்துச் சோதியுங்கள் என்பதுதான் 2022-இல் வந்த, மருந்துத் துறைக் கணினி அமைப்புகளுக்கான வழிகாட்டி நூலான காம்ப் 5 இரண்டாம் பதிப்பின் சாரம். அதை வாங்கி அலமாரியில் வைத்துவிட்டு முன்பு போலவே ஸ்கிரீன்ஷாட் எடுக்கிறோம்.

வேலை வாய்ப்பு என்று பார்த்தால், என்னைப் போல ஒரே கம்பெனியில் அட்மினாக உட்காருவது ஒரு வழி. கணினி அமைப்பு வேலிடேஷன், அதாவது சிஎஸ்வி, இன்னொரு வழி. எழுதுவதில் பொறுமை உள்ளவர்களுக்கு அது நன்றாகவே சோறு போடுகிறது. கன்சல்டன்ட் ஆனால் பணம் கூடுதல், ஆனால் கோ-லைவ் எல்லாம் சனி ஞாயிறுகளில்தான், அமெரிக்க வாடிக்கையாளர் என்றால் இரவு மீட்டிங்கும் உண்டு. நைட் ஷிஃப்டிலிருந்து தப்பிக்க வந்தவனுக்கு அது சரிப்படவில்லை. லேப் பெஞ்சிலேயே இருந்த என் வகுப்புத் தோழர்களைவிட என் சம்பளம் முன்னே போய்விட்டது என்பது உண்மை. சாஃப்ட்வேர் கம்பெனிக்குப் போனவர்களோடு ஒப்பிட்டால் தூக்கம் வராது.

ஒரு பொறி இருக்கிறது. ஒவ்வொரு மென்பொருளுக்கும் தனி மொழி. லேப்வேருக்கு லிம்ஸ் பேசிக், சாம்பிள்மேனேஜருக்கு விஜிஎல் என்று. அதில் கரை கண்டாலும் அந்த மென்பொருளுக்கு வெளியே அது செல்லாத நோட்டு. அதனால் எதைக் கற்றாலும் பக்கத்தில் எஸ்க்யூஎல்லை வைத்துக்கொள்ளுங்கள். அது எல்லா வீட்டிலும் ஓடும் தண்ணீர்.

எம்எல்டி என்கிற மருத்துவ ஆய்வகப் படிப்பு படித்தவர்களுக்கு ஆஸ்பத்திரி லேபுகளில் எல்ஐஎஸ் என்று இதன் அக்கா ஒருத்தி உண்டு. மருத்துவ மென்பொருள்கள் தகவல் பரிமாறும் எச்எல்7, ரத்த சாம்பிள் டியூபில் பார்கோடு, அவசர முடிவுகளுக்கு எச்சரிக்கை என்று அது வேறு வேகம். எனக்கு நேரடிப் பழக்கம் இல்லாததால் அதற்குள் போகவில்லை. தண்ணீர், உணவு, சுற்றுச்சூழல் லேபுகளுக்கு, ஆய்வகத் தரநிலையான ஐஎஸ்ஓ 17025-இன் 2017 பதிப்பில் 7.11 என்ற பிரிவே தரவு மேலாண்மைக்குத்தான். நம் நாட்டில் 2023 டிசம்பர் கடைசியில் அறிவிக்கப்பட்ட திருத்திய ஷெடியூல் எம் என்ற மருந்துத் தயாரிப்பு விதிகள், கணினி அமைப்புகளைப் பற்றியும் பேசுகின்றன. இதுவரை எக்செல்லில் ஓட்டிய சிறு கம்பெனிகள் இப்போது ஆள் தேடுகின்றன. அங்கே போனால் எல்லாவற்றையும் ஒருவரே செய்ய வேண்டியிருக்கும். கற்றுக்கொள்ள அதைவிட நல்ல இடம் இல்லை.

கோர்ஸ் எதில் சேரலாம் என்று கேட்பவர்களுக்கு: பணம் கட்டுவதற்கு முன்னால் சேனைட் என்ற இலவச, திறந்த மூல லிம்ஸை இறக்கிப் பாருங்கள். பைக்கா லிம்ஸ் என்ற பழைய மென்பொருளிலிருந்து கிளைத்தது, பைத்தான் நிரல்மொழியில் எழுதப்பட்டது, மென்பொருளைப் பொதியாக ஓட்டும் டாக்கரில் ஓடும். உங்கள் கல்லூரி பிராக்டிகல் ரெக்கார்டில் இருக்கும் பத்துச் சோதனைகளை அதில் ஏற்றுங்கள். டைட்ரேஷன் கணக்கை எழுதுங்கள், அலகு கொடுங்கள், வரம்பு வையுங்கள். ஒரு ஞாயிற்றுக்கிழமை போய்விடும். மாலையில் எரிச்சல் வந்தால் இந்த வேலை உங்களுக்கு இல்லை. இரவு பதினொன்றுக்கும் அலகைப் பற்றி யோசித்துக்கொண்டிருந்தால் தாராளமாக வாருங்கள்.

இப்போது எங்கள் லேபில் புதிய பதிப்புக்கு மாறிக்கொண்டிருக்கிறோம். பழைய மாஸ்டர் டேட்டாவைச் சுத்தம் செய்வது என் பொறுப்பு. மூன்று மெத்தனாலும் அப்படியே இருக்கின்றன. பழைய சாம்பிள்கள் அவற்றில் தொங்கிக்கொண்டிருப்பதால் அழிக்க முடியாது. இரண்டைப் பயன்பாட்டில் இல்லை என்று குறித்து வைத்தேன். போன வாரம் ஒரு புதுப்பையன் நான்காவது பெயரில் மெத்தனாலைச் சேர்க்கச் சொல்லி சேஞ்ச் கண்ட்ரோல் போட்டிருக்கிறான். காரணம் என்ற கட்டத்தில் "லிம்ஸில் கிடைக்கவில்லை" என்று எழுதியிருந்தான்.