பள்ளி மெயிலுக்கு எந்த ஸ்பாம் வடிகட்டி: கூகுளா, மைக்ரோசாஃப்ட்டா, சொந்த சர்வரா?

பள்ளியில் ஸ்பாம் பற்றிப் பேச்செடுத்தால் முதலில் வரும் பதில், "அதுக்குத்தான் ஃபயர்வால் போட்டிருக்கோமே" என்பது. லேபில் உள்ள ஃபயர்வால் மாணவர்கள் எந்தத் தளத்தைத் திறக்கிறார்கள் என்று பார்க்கும். மெயிலின் பாதை வேறு. கூகுள், மைக்ரோசாஃப்ட் பெட்டிகளுக்கு வரும் மெயில் அந்தந்த நிறுவனத்தின் சர்வரிலேயே வடிகட்டப்பட்டு, டிஎல்எஸ் என்ற மறைகுறியீட்டுப் பூட்டோடு பிரௌசருக்கு வருகிறது. ஃபயர்வாலுக்கு உறை தெரியும், கடிதம் தெரியாது.

மூன்று வழிகளுமே ஸ்பாமை நன்றாகத்தான் பிடிக்கின்றன. தவறிப் பிடிபட்ட நல்ல மெயில் எங்கே கிடக்கும், எத்தனை நாள் கிடக்கும், யார் மீட்கலாம் என்பதில்தான் வித்தியாசம். லாட்டரி மெயில் ஒன்று தப்பி வந்தால் அழித்துவிட்டுப் போகலாம். கடலூரில் முதன்மைக் கல்வி அலுவலகத்தின் சுற்றறிக்கையோ, புதுச்சேரியில் சிபிஎஸ்இ அறிவிப்போ ஸ்பாமில் விழுந்தால் கெடு தாண்டிவிடும்.

கூகுள் ஒர்க்ஸ்பேஸின் ஃபண்டமென்டல்ஸ் பதிப்பு தகுதியுள்ள பள்ளிகளுக்கு இலவசம். வடிகட்டியைப் பழக்க வேண்டியதில்லை. பிடிபட்டது அவரவர் ஸ்பாம் ஃபோல்டரில் கிடக்கும். ஆசிரியரே 'ஸ்பாம் இல்லை' என்று அழுத்தி எடுத்துக்கொள்ளலாம். ஆனால் 30 நாளில் தானாக அழிந்துவிடும். கோடை விடுமுறையின் தொடக்கத்தில் விழுந்த மெயில் ஜூனில் பள்ளி திறக்கும்போது இருக்காது. ஆகவே மே மாதத்திலும் வாரம் ஒருமுறை அலுவலகப் பெட்டியின் ஸ்பாமைத் திறந்து பார்க்க ஒருவரை நியமித்தே ஆக வேண்டும்.

கூகுளில் அதிகம் நடக்கும் தவறு, அனுமதிப் பட்டியலில் 'ஜிமெயில் டாட் காம்' என்று முழு டொமைனையும் (முகவரியில் @-க்குப் பின்னால் வரும் பகுதி) சேர்ப்பது. ஏதோ ஒரு சுற்றறிக்கை ஜிமெயில் முகவரியிலிருந்து வந்து ஸ்பாமில் விழுந்திருக்கும். அந்த எரிச்சலில் செய்வது. உலகில் யார் வேண்டுமானாலும் ஜிமெயில் கணக்குத் திறக்கலாம் என்பதால், வாசல் கதவையே கழற்றி வைத்த கதைதான். முழு முகவரியைச் சேருங்கள். அனுப்புநர் சரிபார்ப்பு கட்டாயம் என்ற பெட்டியையும் டிக் செய்யுங்கள்.

கூகுளின் உண்மையான பலம் மாணவர் கணக்குகளில் தெரியும். மாணவர்களைத் தனிப் பிரிவாகப் பிரித்து, பள்ளி டொமைனுக்குள் மட்டும் மெயில் போய்வரும்படி கட்டுப்படுத்தலாம். வெளி மெயிலே வராதபோது ஸ்பாம் ஏது? இதில் ஒரு சிக்கல் உண்டு: நீட், ஜேஇஇ விண்ணப்பத்தில் பள்ளி முகவரியைக் கொடுத்த பிளஸ் டூ மாணவருக்கு மெயிலில் வரவேண்டிய ஓடிபி வராது. தேர்வு முகமையின் டொமைனை விதிவிலக்கில் சேர்க்கலாம். சொந்த முகவரியைக் கொடுக்கச் சொல்வது இன்னும் நல்லது.

மைக்ரோசாஃப்ட்டின் ஆஃபீஸ் 365 ஏ1 திட்டமும் தகுதியுள்ள பள்ளிகளுக்கு இலவசம். கண்ணுக்குத் தெரியும் திருகுகள் இதில் அதிகம், அதனால் கவனிக்க ஆளும் வேண்டும். ஒவ்வொரு மெயிலுக்கும் ஒரு ஸ்பாம் எண் விழும்: 5, 6 என்றால் ஸ்பாம், 9 என்றால் நிச்சயமான ஸ்பாம். மொத்தமாக அனுப்பப்படும் விளம்பரங்களுக்குத் தனி அளவுகோல். அதன் வரம்பு 7-இல் இருக்கும். பதிப்பகங்கள், கோச்சிங் சென்டர்களின் தொல்லை அதிகமென்றால் 6 ஆக்குங்கள். எண் குறையக் குறையப் பிடி இறுகும்.

முதல் நாளே மாற்ற வேண்டியது குவாரன்டைன் காலம், அதாவது சந்தேக மெயிலைத் தனியே பூட்டிவைக்கும் காலம். மாறாத நிலையில் அது 15 நாள். 30 வரை கூட்டலாம். ஃபிஷிங் (கடவுச்சொல் போன்றவற்றை ஏமாற்றிப் பறிக்கும் மெயில்) என்று உறுதியாக முத்திரை விழுந்த மெயிலை ஆசிரியர் தானே விடுவிக்க முடியாது, கோரிக்கை மட்டும் அனுப்பலாம். அதைப் பார்த்து முடிவெடுக்க வேண்டிய கம்ப்யூட்டர் சார் தேர்தல் பணிக்குப் போயிருந்தால் மெயில் அங்கேயே கிடக்கும். பெட்டிக்கு வந்து சேர்ந்த மெயிலைக்கூட, அது தீயது என்று பிறகு தெரிந்தால் இந்த அமைப்பு திரும்ப எடுத்துக்கொள்ளும். "காலையில பார்த்தேன், மதியம் காணோம்" என்று யாராவது சொன்னால் குவாரன்டைனில் தேடுங்கள்.

சொந்த சர்வர் என்றால் பெரும்பாலும் பிராக்ஸ்மாக்ஸ் மெயில் கேட்வே என்ற தயார்நிலை வடிகட்டித் தொகுப்பு, அல்லது மெயில் வாங்கி அனுப்பும் போஸ்ட்ஃபிக்ஸோடு ஸ்பாமைப் பிரிக்கும் ஸ்பாம்அசாசின். மென்பொருள் இலவசம், உழைப்பு இலவசமில்லை. 4 ஜிபி ராம் இல்லாமல் தொடங்காதீர்கள். வைரஸ் பார்க்கும் கிளாம்ஏவி மட்டுமே 1 ஜிபிக்கு மேல் விழுங்கும்.

ஸ்பாம்அசாசின் புள்ளி போட்டுத் தீர்ப்புச் சொல்கிறது. கூட்டுத்தொகை 5 வந்தால் ஸ்பாம். அதில் பேயஸ் என்ற பழகும் பகுதிக்கு எடை அதிகம்: ஸ்பாம்தான் என்று 99 விழுக்காட்டுக்கு மேல் கணித்தால் 3.5 கூடும், நல்ல மெயில் என்று உறுதியானால் 1.9 கழியும். ஆனால் 200 ஸ்பாமும் 200 நல்ல மெயிலும் காட்டும்வரை அது வாயே திறக்காது. நல்ல மெயில் குவியலில் தமிழ்ச் சுற்றறிக்கைகளும் பெற்றோர் கடிதங்களும் தாராளமாக இருக்கட்டும். ஆங்கில மெயில்களை மட்டும் காட்டிப் பழக்கினால் தமிழ் மெயிலைப் பற்றி அதற்கு ஒன்றும் தெரிந்திருக்காது.

இன்னொரு பொறி டிஎன்எஸ், அதாவது டொமைன் பெயர்களுக்கான விவரங்களைத் தேடித் தரும் இணைய முகவரிப் புத்தகம். சர்வரில் கூகுளின் பொது டிஎன்எஸ்ஸான 8.8.8.8 போட்டிருந்தால், ஸ்பாம் அனுப்பும் ஐபிகளைத் தொகுக்கும் ஸ்பாம்ஹாஸ் கருப்புப்பட்டியல் பதில் தராது, 127.255.255.254 என்ற மறுப்பு எண்தான் வரும். அதைத் தடைப் பதிவு என்று தப்பாகப் படித்து, வருகிற எல்லா மெயிலையும் திருப்பியனுப்பும் சர்வர்களும் உண்டு. அதே கணினியில் அன்பௌண்ட் என்ற டிஎன்எஸ் மென்பொருளை நிறுவி நேராகக் கேட்க வையுங்கள்.

லேபும் சர்வரும் ஒரே பொது ஐபியில் வெளியே போனால், வைரஸ் பிடித்த ஒரு லேப் கணினி போதும், பள்ளி முழுதும் கருப்புப்பட்டியலில் விழ. லேபிலிருந்து வெளியே போகும் 25-ஆம் போர்ட்டை (சர்வருக்கு சர்வர் மெயில் போகும் வாசல்) ஃபயர்வாலில் மூடுங்கள். ஃபயர்வாலுக்கு மெயிலில் உள்ள உருப்படியான வேலை இதுதான். நிலையான ஐபி இல்லாத பிராட்பேண்டில் இந்த வழியை யோசிக்கவே வேண்டாம்.

பிறகு மழை. 2011 டிசம்பர் 30-இல் 'தானே' புயல் கடலூருக்கும் புதுச்சேரிக்கும் நடுவேதான் கரையேறியது. 2024 நவம்பர் 30-இல் ஃபெஞ்சல் புதுச்சேரி அருகே. கரண்ட் போய் சர்வர் படுத்தால் வரும் மெயில் உடனே தொலையாது. அனுப்பும் சர்வர் வழக்கமாக 4, 5 நாள் திரும்பத் திரும்ப முயலும். அதற்கு மேல் போனால் திரும்பிவிடும். யூபிஎஸ் சில மணி நேரக் கதை. கரையோரப் பள்ளிக்கு இந்த வழியைப் பரிந்துரைக்க மனம் வரவில்லை. முழுநேர சிஸ்டம் அட்மின் உள்ள கல்லூரி என்றால் யோசிக்கலாம்.

எதைத் தேர்ந்தாலும் பள்ளி அனுப்பும் மெயில் பெற்றோரின் ஸ்பாமில் விழுவது தனிப் பிரச்சினை. பெரும்பாலும் காரணம் எஸ்பிஎஃப், அதாவது பள்ளி டொமைன் பெயரில் எந்தெந்த சர்வர் மெயில் அனுப்பலாம் என்று சொல்லும் டிஎன்எஸ் பதிவு. கட்டண நினைவூட்டல் அனுப்பும் மென்பொருள் நிறுவனம் கொடுத்த எஸ்பிஎஃப் வரியை, ஏற்கெனவே உள்ளதற்குப் பக்கத்தில் இரண்டாவது பதிவாக ஒட்டிவிடுவார்கள். ஒரு டொமைனுக்கு ஒன்றுதான் இருக்கலாம்; இரண்டு இருந்தால் இரண்டுமே செல்லாது. ஒரே வரியில் இரண்டு 'இன்க்ளூட்' ஆகச் சேருங்கள்; டிஎன்எஸ் தேடல்கள் மொத்தம் 10-ஐத் தாண்டக் கூடாது. அடுத்து, மெயிலில் பள்ளியின் டிஜிட்டல் கையெழுத்தைச் சரிபார்க்க உதவும் டிகேஐஎம் சாவியை அட்மின் பக்கத்தில் உருவாக்கி, டிஎன்எஸ்ஸில் ஏற்றி, திரும்ப வந்து தொடக்கப் பொத்தானையும் அழுத்துங்கள். சாவியை ஏற்றிவிட்டு இந்தக் கடைசி அழுத்தலை மறப்பவர்கள் அதிகம். பிறகு ஒரு ஜிமெயில் முகவரிக்கு மெயில் அனுப்பி, மூன்று புள்ளி மெனுவில் அசல் மெயிலைத் திறந்தால் எஸ்பிஎஃப், டிகேஐஎம் இரண்டுக்கும் எதிரே 'பாஸ்' என்று இருக்க வேண்டும்.